அக்கா மீட்டர்

தெருவில் அவளுக்குச் சூரியக்காரி என்று பெயர். பார்க்கிறவர்களெல்லாம் மழை வருமா என்று கேட்பார்கள். தான் சொல்வது மழையை அல்ல, சூரியன் இன்று எப்படிக் கொந்தளிக்கும், அதனால் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு ஆடும் என்பதை என்று விளக்கி விளக்கி வாய் ஓய்ந்துபோய், கடைசியில் "வரலாம்" என்று சொல்லிவிட்டு நடக்கப் பழகிக்கொண்டாள்.

காலையில் அலுவலகம் போனதும் சூரியனின் படத்தில் கரும்புள்ளிகளைத் தேடுவாள். அடுத்தது காந்தமானியின் கோடு. நேராக ஓடினால் அமைதி, தாறுமாறாகத் துள்ளினால் புயல். அதை நாலு வரியில் எழுதி விமானக் கம்பெனிக்கும் மின்வாரியத்துக்கும் அனுப்ப வேண்டும், அலுவலக இணையதளத்திலும் போட வேண்டும். அவர்கள் படித்தார்களா என்பது அந்தச் சூரியனுக்கே வெளிச்சம்.

தவறாமல் படித்த ஒரே ஆள் அவளுடைய அக்கா. அதுவும் தன் தலைவலிக்குக் காரணம் தேடித்தான். புயல் என்று எழுதிய நாளெல்லாம் மண்டையைப் பிளக்கிறது என்று போன் வரும். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை என்று தங்கை ஆரம்பத்தில் வாதாடினாள். ஒருநாள் இவள் அமைதி என்று எழுதியிருக்க, அக்கா வலி என்றாள். மத்தியானம் பார்த்தால் கோடு துள்ளுகிறது. இதை அலுவலகத்தில் சொன்னதும் மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அக்கா, 'அக்கா மீட்டர்' ஆனாள். இவள் பையைக் கீழே வைக்கும் முன்பே, அக்கா மீட்டர் இன்றைக்கு என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். படித்த கூட்டத்தின் லட்சணம் அது. இவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். அதுவரை அங்கே யாரும் இவளை ஒரு பொருட்டாக மதித்துக் கேள்வி கேட்டதில்லை.

பிறகு சூரியன் அடங்கிப்போனது. பெயருக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் வாரக்கணக்கில் ஓடியது. அக்காவுக்கோ தினமும் வலி, கூடவே வாந்தி. தங்கை என்ன செய்தாள்? கருவியைச் சோதித்தாள். வயர்களைக் கழற்றி மாட்டினாள், பக்கத்து நிலையத்தின் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

"விடும்மா, உங்க மீட்டர் கெட்டுப்போச்சு," என்றார் மேலதிகாரி.

எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். போதாக்குறைக்கு அக்காவுக்கே போன் பண்ணி அதைச் சொன்னாள். மீட்டரில் கோளாறு இல்லை, உன் சூரியன்தான் பொய் சொல்கிறது என்று அக்காவும் சிரித்தாள். கோளாறு கண்டுபிடிப்பதே பிழைப்பான ஒருத்திக்கு, வலிப்பது ஒரு தலை என்பது மட்டும் கடைசிவரை உறைக்கவில்லை.

அக்கா சமையலறையில் நினைவில்லாமல் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. மூளையில் கட்டி. முற்றிவிட்டது, இனி கத்தி வைத்துப் பயனில்லை என்றார்கள். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். அக்காவின் மகள்தான் பதில் சொன்னாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"ஒரு வருஷமா இருக்கு டாக்டர். சித்தி ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

அக்காவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. மறுநாள் தங்கை வேலை முடிந்து வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இன்னைக்கு என்னடி எழுதின?"

"புயல்க்கா. பெரிய புயல்."

"அதானே பார்த்தேன். மீட்டர் ஒண்ணும் கெட்டுப்போகல."

அக்காவின் முகம் தெளிந்தது. அன்றைய அறிக்கையில் தங்கை அமைதி என்றுதான் எழுதியிருந்தாள்.