மரக்கலர் பட்டை

வெயிலில் பூட்டிக் கிடந்த காரின் கதவைத் திறந்தால் முதலில் சூடேறிய பிளாஸ்டிக் மணக்கும். கொஞ்சம் பொறுத்தால் அதற்கு அடியிலிருந்து வாடிய பிச்சிப்பூ. என் மனைவியின் தலையிலிருந்து உதிர்ந்தவை ஏசி துவாரங்களுக்குள் எத்தனையோ கிடக்கும் போல. அவள் ஊரில் இல்லாத இந்தக் காலத்திலும் கார் அவளை விட்டுவிடவில்லை. நான் மட்டும் என்ன.

மகளின் பிரசவத்துக்கென்று பெங்களூர் போனவள். பிள்ளை தவழட்டும் என்றாள், தவழ்ந்தது. நிற்கட்டும் என்றாள், நின்றது. இப்போது அது வீடு முழுக்க ஓடுகிறதாம். பாளையங்கோட்டையில் நான் ஒருவனுக்குச் சோறு வடித்து, மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். ‘வந்துவிடு’ என்ற சொல் தினமும் தொண்டை வரை வருகிறது. போனில் அது ‘சாப்பிட்டியா’ என்று மாறி விழுகிறது.

சர்ச்சில் சபையார் எல்லாரும் பந்தியில் சேர்ந்து உண்ணும் அசனத்துக்கு நாலு நாள் வருவதாகச் சொன்னாள். ஸ்டேஷனுக்குக் கார் கொண்டுவருகிறேன் என்றேன்.

“அந்தக் கார்லயா? அந்தப் பட்டை என் பட்டுச் சேலையக் கிழிச்சது மறந்துட்டோ? நான் ஆட்டோவுல வந்துக்கிடுதேன்.”

அவள் இருக்கைக்கு நேரே, டேஷ்போர்டின் குறுக்கே ஓடும் மரக்கலர் பட்டையைத்தான் சொன்னாள். பழைய கார். வெயில் தின்று, பட்டையின் ஓரம் பூனை நகம் போல வளைந்து நின்றது. அதை மாற்றிவிட்டால் ஏறுவாள். ஏறினால் ஆற்றோரமாய் ஒரு சுற்று. அந்தச் சுற்றில் கேட்டுவிடலாம், இங்கேயே இரு என்று. என் திட்டம் அவ்வளவுதான்.

தச்சநல்லூரில் பழைய கார்ச் சாமான் விற்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த மாடலுக்கா? அண்ணாச்சி, இந்தக் கார் இன்னும் ஓடுதா?”

“ஓடுது வே. நீரு பட்டையத் தாரும்.”

“மாட்டுதது யாரு?”

“நாந்தான்.”

“அப்பம் ரெண்டா வாங்கிட்டுப் போங்க. ஒண்ண எப்படியும் உடைப்பிய.”

அவரிடம் இருந்ததே ஒன்றுதான். பழையதைவிடச் சற்றே கூடுதல் பழுப்பு.

வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, ஸ்குரு டிரைவர் முனையில் துணி சுற்றி, ஓரத்திலிருந்து பைய நெம்பினேன். உள்ளே இருந்த கிளிப்புகள் டக் டக்கென்று விடுபட்டன. நடுப்பகுதி மட்டும் அசையவில்லை. அங்கே பைபிள் வசன ஸ்டிக்கர்கள். புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த வசனத்தை வீடு திரும்பும் வழியிலேயே அவள் ஒட்டிவிடுவாள். பழையதை உரிக்கமாட்டாள், ஆண்டவர் வார்த்தையைக் கிழிப்பதா? அதன் மேலேயே புதியது. வருடத்தின் மேல் வருடமாய்ப் பணியாரம் போல மேடு தட்டியிருந்தது. அந்தப் பசைதான் பிடித்திருக்கிறது என்று நினைத்து, மூச்சடக்கி இழுத்தேன். படீர். பாதிப் பட்டை ஒடிந்து கையோடு வந்தது. மீதியில் இருந்த மேட்டை விரலால் அழுத்தியபோதுதான், அடியில் வட்டமாய் ஒன்று தட்டுப்பட்டது. ஸ்குரு.

காரை மறுபடி வெயிலுக்கு நகர்த்தி, பசை இளகக் காத்திருந்து, ஒவ்வொன்றாக உரித்தேன். கீழே போகப் போக மஞ்சள். குமிழி விழாமல் அவள் கட்டைவிரல் தேய்த்த பளபளப்பு எல்லாவற்றின் மூலையிலும் இருந்தது. மகள் பள்ளிச் சீருடையோடு பின்சீட்டில் தூங்கி வழிந்த வருடம். நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த வருடம், அப்போதும் ஒட்டியிருக்கிறாள். இந்த வருடத்து வசனம் மட்டும் அதில் இல்லை. அது உரிக்காத தாளோடு என் மேசையில் கிடந்தது. ஒட்டுவது அவள் வேலை.

உரித்தவற்றைப் பைபிளுக்குள் வைத்தேன். புதுப் பட்டை நிறம் சேராமல், கட்டிய பல் போல் உட்கார்ந்தது.

அவள் வந்தாள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே காரில் ஏறியவள், பட்டையை இந்த முனை முதல் அந்த முனை வரை தடவிப் பார்த்துவிட்டு, பிடியைத் தளர்த்தினாள்.

“வசனமெல்லாம் எங்க?”

“பைபிளுக்குள்ள. அடியில ஒரு ஸ்குரு இருந்தது தெரியுமா ஒனக்கு?”

“தெரியாமயா? அந்தத் துருவப் பாக்கச் சகிக்காமத்தான மொத வருசம் அங்கன ஒட்டுனேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”

அசனம் முடிந்த மறுநாள் பாபநாசம் சாலையில் போனோம். அம்பாசமுத்திரம் வருமுன்னே தூங்கிவிட்டாள். தாமிரபரணி பக்கத்தில் வந்தது, வயல்களுக்குப் பின்னால் ஒளிந்தது, மறுபடி வந்தது. கேட்க வேண்டுமென்றால் எழுப்ப வேண்டும். எழுப்பினால் என் பக்கம் சாய்ந்திருக்கும் அந்தத் தலை நிமிர்ந்துவிடும். ஆற்றங்கரையில் நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டியும் ஓட்டினேன். மலையடிவாரத்துச் செக்போஸ்டில் வழி முடிந்தது. வேறு வழியின்றித் திரும்பினேன். அப்போதும் அவள் விழிக்கவில்லை. நான் கேட்கவில்லை.

பெங்களூருக்குத் திரும்பும் நாள் அவளே பையைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள். ஜங்ஷனில் ரயில் அசையத் தொடங்கியதும், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தேன்.

“இங்கனயே இருந்துரேன்ட்டி.”

“பிள்ள தேடும்லா.”

“நானுந்தான் தேடுதேன்.”

அவள் முகம் கம்பியருகே வந்தது. என்னவோ சொன்னாள், சக்கரச் சத்தத்தில் விழவில்லை. கம்பியிலிருந்து என் கை நழுவியபோது, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினாள்.

“இதப் போன வருசமே சொல்லப்பிடாதா நீங்க?”