விதி அக்காவும் கதைக்காரியும்

விளையாட்டுப் புத்தகம் எழுதும் தொழிலில் இரண்டு வகை உண்டு: படித்தே ஆக வேண்டியதை எழுதுகிறவர்கள், படிக்காமல் தாண்டிப் போகக்கூடியதை எழுதுகிறவர்கள். நான் இரண்டாவது வகை.

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஒரு கதையை நகர்த்தும் விளையாட்டு இது. ஒருவர் நடுவராக இருந்து ஆட்டத்தை நடத்துவார். அதற்கான புத்தகங்களைத் தென்னூரில் ஒரு சின்னப் பதிப்பகம் போடுகிறது. எந்த எண் விழுந்தால் என்ன ஆகும் என்ற விதிகளை எழுதுவது பாலக்கரை பர்வீன் அக்கா. அந்தக் கதை நடக்கும் ஊர் எப்படி இருக்கும், அங்கே என்ன வாசனை அடிக்கும் என்று எழுதுவது நான். சமையல் குறிப்புக்கு மேலே முன்னுரை எழுதுகிறவர்களே, கல்யாண அழைப்பிதழுக்கு வாசகம் எழுதுகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ஏமாறாத காவலன்

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஆடிப் பார்ப்போம். ஆடிட்டர் சம்பத் சாரும் அவர் மனைவி வசந்தா மாமியும் நிரந்தர ஆட்டக்காரர்கள். பர்வீன் அக்கா நடுவர். நான் ஓரமாக உட்கார்ந்து, யாரும் என்னைக் கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மாமியின் பாத்திரம் கோட்டைக் காவலனிடம் பொய் சொல்லி உள்ளே நுழையப் பார்த்தது. பகடையில் ஆறு விழுந்தது. "போகலாம் மாமி" என்றார் அக்கா. சம்பத் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். "'இந்தக் காவலனை யாராலும் ஏமாற்ற முடியாது'ன்னு எழுதியிருக்கே. எப்படி உள்ளே விடலாம்?" அது விதி இல்லை, என் வர்ணனை. "ஏன்னா, நீங்க என் கட்சியா, அந்தக் காவலன் கட்சியா?" என்று மாமி கேட்டும் சார் மசியவில்லை. காபி ஆறிப்போகும்வரை வழக்கு நடந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில், அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "எடுக்காதம்மா. 'தன்னை ஏமாற்ற ஒருவன் இன்னும் பிறக்கவில்லை என்று காவலன் சொல்லிக்கொள்வான்'னு மாத்திப் போடு. அவன் சொல்றான், நாம சொல்லலை."

போனில் ஒரு பரீட்சை

அக்காவின் விதிகள் மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கின்றன என்று எனக்கு வெகுநாள் ஆச்சரியம். அவர் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. கணவருக்குத் துபாயில் வேலை. புது விதி எழுதியதும் அவருக்குப் போன் போட்டு, "மச்சான், கேளுங்க" என்று வாசிப்பார். காதால் கேட்டே அவருக்குப் புரிந்துவிட வேண்டும். "மறுபடி சொல்லு" என்று அவர் கேட்டால் அந்த விதி தேறவில்லை.

அன்றைக்குப் படகு விதி. அக்கா வாசிப்பார், அடிப்பார், ஒரு வார்த்தையைத் தூக்கிவிட்டு மறுபடி வாசிப்பார். அரைப் பக்கம் இருந்தது இரண்டே வரி ஆனது. ஒரு வாக்கியத்தை இப்படி விடாமல் துரத்திப் பிடித்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஸ்பீக்கரில் கணவரின் குரல் கெஞ்சியது: "எங்க ஃபோர்மேன் திட்டுறதுகூட ஒரே தடவையில புரியுது புள்ள, நீ இன்னும் கொஞ்சம் குறை."

மூன்று பக்க வெள்ளம்

அந்தப் படகு வருவது என் ஆற்று அத்தியாயத்தில். கொள்ளிடம் பாலத்தில் நின்று நின்று பார்த்து எழுதிய மூன்று பக்கம். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். பதிப்பாளர் செல்வராஜ் சார், புத்தகத்தில் பக்கம் கூடிப்போய்விட்டது, எதையாவது எடுத்தாக வேண்டும் என்றார். விதியை எடுத்தால் ஆட முடியாது. அடுத்த ஆட்டத்துக்குத் தானே வந்து பார்ப்பதாகவும், கதையின் உதவி இல்லாமலே ஆட்டம் ஓடினால் மூன்று பக்கத்தையும் எடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

எனக்காக அக்காதான், "தங்கச்சி நல்லா எழுதியிருக்கு சார்" என்றார். சார் அன்பாகத்தான் பதில் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா வெள்ளம் வந்தா தண்ணி வரும்னு எல்லாருக்கும் தெரியுமே."

கரை எந்தப் பக்கம்?

அக்காவின் இரண்டு வரி இதுதான்: இருட்டில் துடுப்புப் பிடிப்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவர் மட்டுமே பேசலாம். துடுப்பு கை மாறினால் படகு அணையை நோக்கி ஒரு கட்டம் இழுபடும்.

துடுப்புக்குப் பதில் ஒரு பென்சில். சம்பத் சார் அதை வாங்கிக் கண்ணை மூடியதும் கூடமே அடங்கிவிட்டது. ஆற்றின் பயத்தைக் கொண்டுவர நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அக்கா எல்லோர் வாயையும் மூடவைத்தே கொண்டுவந்துவிட்டார். என் பக்கங்கள் போய்விட்டன என்று புரிந்தது. அப்படியும் எழுந்து கைதட்டத்தான் தோன்றியது.

படகு அணையில் மோத ஒரு கட்டம்தான் பாக்கி. கரை எந்தப் பக்கம் என்று காட்டும் அட்டை மாமியிடம் இருந்தது. மாமி பேசக் கூடாது. பென்சிலை வாங்கினால் எல்லோரும் மூழ்குவார்கள். சார், "வலது பக்கம் திருப்பப் போறேன்" என்று ஆரம்பித்தார். மாமி தவித்தார். சட்டென்று சாரின் இடது காதருகே குனிந்து, "கொர்ரக்... கொர்ரக்..." என்றார். என் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி உண்டு: இருட்டில் படகோட்டிகள் தவளைச் சத்தம் வரும் பக்கமே கரை என்று திருப்புவார்கள். அதை மாமி படித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாரும் படித்திருந்தார். மூடிய கண்ணோடு முகம் மலர்ந்து, "இடது பக்கம்!" என்று கத்தினார். படகு கரை சேர்ந்தது. ஆடிட்டர் அல்லவா, கண்ணைத் திறந்ததும் தவளைச் சத்தம் பேச்சில் சேருமா என்று விதியைத் தேடினார். அதில் தவளையைப் பற்றி ஒன்றுமே இல்லை.

செல்வராஜ் சார் சிரித்து முடித்துவிட்டு, "எல்லாம் சரி, இடத்துக்கு எங்கே போறது?" என்றார். அக்கா, தான் பாடுபட்டுப் போட்டிருந்த நீரோட்ட அட்டவணையை, முழுப் பக்கத்தை, குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தார். "இன்னைக்கு இதை யாரும் பார்க்கவே இல்லை சார். இந்த இடத்துல தவளைப் பக்கம் வரட்டும்." மற்ற இரண்டு பக்கமும் போயின. எனக்குக் கண் கலங்கியதை மறைக்கத் தலை குனிந்துகொண்டேன். மாமி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்: "ஏண்டிம்மா, இத்தனையும் மனசுல வெச்சுண்டா ஓரமா வாயைத் திறக்காம உக்காந்துண்டிருக்கே?"

மூன்று பக்கம் எழுதி ஒரு பக்கம் மிஞ்சினால், எங்கள் தொழிலில் அதை வெற்றி என்றுதான் வீட்டில் சொல்லிக்கொள்வோம்.