மீன் எண்ணெய் பூசிய விமானம்

அந்த விமானத்தை ஒரு படி நெத்திலிக் கருவாட்டுக்கு வாங்கினேன். புதுவாயல் கூட்டு ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர், கூடையை இறக்கிய என்னிடம், "டப்பு இல்லமா, வோணும்னா இத எடுத்துகினு போ" என்று நீட்டினார். எந்தத் துரை வீட்டுப் பரணில் கிடந்ததோ! நிஜ விமானத்தையே அளவு பிசகாமல் முழங்கை நீளத்துக்குச் சுருக்கிச் செய்திருந்தார்கள். ஒரு இறக்கை ஒடிந்திருந்தது. மரச்சட்டத்தின் மேல் ஒட்டிய காகிதம் கந்தலாகத் தொங்கியது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, வயல்களெல்லாம் கீழே இறங்கிப் போவதுபோல இருந்தது. ஊர் வந்ததே தெரியவில்லை.

வாங்கியது என் வீட்டுக்காரருக்காக. எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டியவர். இயந்திரம் அவருடைய வலக்கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. புண் ஆறிய பிறகு, மிச்ச மூன்று விரல்களை மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் விறைத்துப்போகும் என்றார் டாக்டர். இவரோ கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பழவேற்காடு ஏரியைப் பார்த்தபடி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். இடக்கையால் சாப்பிட மனசு ஒப்பவில்லை. நான்தான் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவேன். வாயைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உடைந்த சாமானைக் கண்டால் சும்மா இருக்காத கை அது; விமானத்தைக் கண்டால் தானாக வரும் என்று நினைத்தேன்.

"இன்னாமே இது?"

"ஏரோப்ளேன்யா. ரிப்பேர் பண்ணு."

"எந்தக் கையால?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். நீ செய்யாவிட்டால் போ, நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். படகுக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு மரத்தைப் பற்றி வேறென்ன தெரியும்? மீன் எண்ணெய் பூச வேண்டும், அவ்வளவுதான். கந்தல் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அப்பா படகுக்குப் பூசியதுபோல மூக்கிலிருந்து வால்வரை பூசினேன். பிறகு மைதாப் பசை காய்ச்சி, காத்தாடிக் காகிதத்தை ஒட்டினேன். ஒட்டினால்தானே! வழுக்கி வழுக்கி என் மடியில் விழுந்தது.

"அட அறிவு கெட்டவளே! எண்ண பூசின கட்டையில பசை எப்டிமே ஒட்டும்?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்தது. திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளாக இருந்தோம். அவருடைய இடக்கை பிடிக்கும், என் வலக்கை சுரண்டும். எண்ணெய் போக உப்புத்தாளால் தேய்த்தோம். ஒடிந்த இடத்தில் மூங்கில் சிம்பு வைத்து நூல் சுற்றினோம். மழை விட்ட மத்தியானங்களில் ஏரியும் வானமும் ஒரே நிறமாகிவிடும். தூரத்துப் படகு எதில் மிதக்கிறதென்றே தெரியாது. காகிதம் ஒட்டிய இறக்கையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், உள்ளே இருக்கும் குச்சிகள் மீன் முள்போலத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கு விழித்தபடியே கனவு வரும். நாங்கள் இருவரும் அதில் ஏறி, நாரைகளுக்கும் மேலே, சத்தமே இல்லாமல் போவோம். அங்கே அவருக்குப் பத்து விரலும் இருக்கும்.

துண்டு மட்டும் அவிழவில்லை. அதற்குள் விரல்கள் அசைவதுபோல ஒருநாள் பட்டது. கேட்டால் நிறுத்திவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாக வாலையும் ஒட்டி, வாசல் பலகையின் மேல் காய வைத்தோம். என்னதான் தேய்த்தாலும் மீன் வாசனை போகுமா? நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பூனை வந்து வாலைக் கவ்வி இழுத்தது. விமானம் பலகை விளிம்பில் சரிந்தது. "ஐயையோ!" என்று நான் கத்துவதற்குள் அவர் பாய்ந்துவிட்டார். துண்டு எங்கேயோ போய் விழுந்தது. பூனை ஓடிவிட்டது. விமானம் அவருடைய இரண்டு கையிலும் இருந்தது. அந்த மூன்று விரல்களும் இறக்கையின் அடியில் மடங்கிப் பிடித்திருந்தன. இருவரும் அவற்றையே பார்த்தோம்.

தட்டை முன்னால் வைத்து, வழக்கம்போலச் சோற்றில் கை வைத்தேன்.

"வுடுமே" என்றார்.

அவரே பிசைந்தார். முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள் பாதி தரையில் சிந்தியது. கண்ணை மட்டும் மூடவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சிந்திய சோற்றைத் தின்னப் பூனை திரும்பி வந்தது. நான் விரட்டவில்லை. குழம்பிலிருந்து ஒரு துண்டு மீனையும் எடுத்து அதற்குப் போட்டேன்.