துண்டுக்குள் ஒரு முகம்

போன வாரம் தங்கை சுகன்யாவோடு திருப்பதியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். அவளுடைய கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய!

மாப்பிள்ளை, ஸ்ரீ சிட்டி கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கும் தெலுங்குப் பையன். காதல். விஜயபுரத்தில் வேர்க்கடலை பயிரிடும் எங்கள் அப்பா — எங்களுக்கு நைனா — ஒரு வருடம் முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் தலையாட்டினார். அதை மனதார ஆட்டினாரா? அதுதான் இன்றுவரை தங்கையின் கவலை.

திருப்பதி ஏ.சி. மண்டபத்தில் கல்யாணம். பெண்ணை ஒப்படைக்கும் படம் திரையில் வந்தது. அம்மா அழுகிறாள், அத்தை அழுகிறாள், மாப்பிள்ளையின் அம்மாகூட அழுகிறார்! நைனா மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார்.

"முகம் தெரியல மேடம். தீசேஸ்தானு" என்றார் போட்டோகிராபர். நீக்கிவிடுகிறாராம்!

"எடுத்துடட்டும்க்கா" என்றாள் தங்கை. குரல் உடைந்திருந்தது. "நைனாவுக்கு என்னப் பாக்கவே புடிக்கல. அதான் மூடிக்கினாரு."

எனக்கு வந்ததே கோபம்! பழைய ஓவியங்கள் என்றால் எனக்குக் கிறுக்கு — உங்களுக்குத் தெரியாததா? போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து இருவரிடமும் நீட்டினேன். ரோமானியர்கள் வீட்டுச் சுவரில் வரைந்தது. ஒரு பெண்ணைப் பலி கொடுக்கத் தூக்கிப் போகிறார்கள். ஓரத்தில் அவளைப் பெற்றவர், தலையோடு துணியைப் போர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

அதற்கும் முன்னால் ஒரு கிரேக்க ஓவியர் இதே காட்சியை வரைந்தாராம். சுற்றி நின்றவர்கள் முகத்திலெல்லாம் விதவிதமாகத் துக்கத்தைக் காட்டியவர், அப்பாவிடம் வந்ததும்... துணியால் மூடிவிட்டார். வரையத் தெரியாமலா? எப்படி வரைந்தாலும் அந்தத் துக்கத்துக்குப் பத்தாது என்று தெரிந்துதான்!

"அதி பெயிண்டிங் மேடம். இதி ஆல்பம்" என்றார் போட்டோகிராபர் அலுப்பாக. அழுகைக்கு க்ளோசப்தான் வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவர்களுக்கு?

தங்கை எங்களைக் கவனிக்கவில்லை. திரையில் நைனாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார். சட்டென்று அவருக்கே போன் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில்!

"நைனா... அன்னிக்கு துண்டுக்குள்ள அழுதுகினு இருந்தியா?"



"அழுவுறதா? யாரு? வேர்த்துச்சிம்மா... தொடச்சிக்கினு இருந்தேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாப்ளயக் கூட்டிக்கினு எப்ப வர்ற?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோகிராபரிடம் திரும்பினாள். "அன்னா, தீசேயொத்து! எடுக்காதீங்க, அதான் மொதல் பக்கம்."

நைனாவுக்கு வேர்த்ததாம். அந்த மண்டபத்து ஏ.சி.யில் எனக்குப் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன!