படையலில் வைத்த புகை விஸ்கி

ஆடி அமாவாசையன்று, இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதை இலையில் படைப்பது எங்கள் வழக்கம். ஹைதராபாத் வந்தும் அதை விடவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு குவார்ட்டர் பிராந்தியும் உண்டு. பட்டறையில் தீப்பிடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தவர் அவர்.

ஒரு வருடம், சாப்ட்வேர் வேலையிலிருக்கும் மகன் லண்டனிலிருந்து பழைய ஸ்காட்ச் விஸ்கி வாங்கிவந்தான்.

“இவ்வளவு விலையாடா? அப்படி என்ன இருக்கு இதுல?”

“புகைம்மா. சதுப்பு நிலத்து மண்ணை எரிச்சு, அந்தப் புகையில பார்லியைக் காய வைப்பாங்க. அப்புறம் வருஷக்கணக்கா பீப்பாயில கிடக்கும். அப்பா கடைசிவரைக்கும் மட்டமான சரக்குதானே குடிச்சார்? ஒரு தடவை நல்லதா குடிக்கட்டுமே.”

அவன் குளிக்கப் போனபோது நானே டம்ளரில் ஊற்றினேன். கருகல் வாசனை, அதோடு புண்ணுக்குப் போடும் டிங்சர் மருந்து வாசனை. அவர் கிடந்த வார்டில் இதேதான் அடித்தது. ஆனாலும் பிள்ளையின் ஆசையைக் கெடுக்க மனம் வரவில்லை. முருகா என்று சாம்பிராணி போட்டுக் கற்பூரம் காட்டினேன். அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றோம்.

திறந்ததும், பிரசாதமாக ஒரு வாய் குடிக்க மகன் டம்ளரை எடுத்தான். மூக்கருகே வந்ததும் கை நின்றுவிட்டது.

“அம்மா, இது அந்த வார்டு வாசனைம்மா. இதையா நான் அப்பாவுக்கு வச்சேன்?”

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவன் சின்னப் பிள்ளை. வார்டுக்குள் விடாமல் வராந்தாவிலேயே உட்கார வைத்திருந்தேன். அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது என்றே நம்பியிருந்தேன்.

“உன் பாசத்தை மட்டும்தான் அவர் எடுத்திருப்பார்டா” என்றேன்.

அந்த விஸ்கி விலைக்குத் தகுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வார்டை நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்றிருந்தேன். என் பிள்ளையும் வாய் திறக்காமல் சுமந்திருக்கிறான்.