மரவள்ளிச் சுவர்

தரையையும் தொட்டியையும் சிமெண்டில் கட்டிவிட்டு, சுவரை மட்டும் மண்ணில் ஊன்றி முளைக்க விட்டவன் நான். குளிக்கிற அறை கட்டியவர்களில் இப்படி ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் அது நானாகத்தான் இருக்கும். மலாயாவில் லுக்குட் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்தத் தகுதியோடு வேறு யாரும் இருக்கவில்லை.

அது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். டருராட் என்போம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, சரிவுகளில் சிதறிக் கிடந்த எங்கள் லயத்து வீடுகளைப் பிரித்து ஆபீசுக்குக் கீழே ஒரே மேட்டில் கொண்டுவந்து நட்டார்கள். சுற்றிலும் முள்வேலி. மூலைக்கு ஒரு காவல் பரண். எங்களைக் காப்பாற்றத்தான் வேலி என்றார்கள். உள்ளே நுழையும்போதும் வெளியே போகும்போதும் எங்கள் மடியைத் தடவிப் பார்த்ததால், எங்களை யாரிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பழைய லயத்தில் பெண்கள் குளிக்க ஓடை இருந்தது. இரண்டு கரையிலும் மூங்கில் புதர். ஆண்கள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம். புது இடத்தில் ஓடை வேலிக்கு வெளியே போய்விட்டது. லயத்துக்குப் பொதுவாக ஒரு பைப்பு வைத்தார்கள். பைப்புக்கு நேர் மேலே ஒரு பரண். அதில் துப்பாக்கி பிடித்த இரண்டு இளவட்டப் போலீஸ்காரர்கள். அவர்கள் காட்டைப் பார்க்க வேண்டியவர்கள். காட்டில் பார்க்க என்ன இருக்கிறது? இலைதான்.

இருட்டில் குளிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, விடிந்த பிறகுதான் கதவு திறக்கலாம். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டும், பிறகு ரப்பர் பால் எடுக்க வெட்டுக்காடு. பால் வாடையோடு திரும்பி வருகிற மத்தியானத்தில், பட்டப்பகலில், சாரோங்கை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு பெண்கள் பைப்படியில் நிற்பார்கள். மேலே இருந்து சீட்டி அடிப்பார்கள். சில நாள் ஒரு சின்னக் கல்லும் வந்து விழும்.

என் மனைவி ஒருநாள் ஈரத் தலையோடு வந்து சொன்னாள். "பின்னால நாலு தகரம் வச்சு ஒரு மறைப்பு கட்டிக் குடுங்க. தண்ணிய நானே சொமந்துக்கிறேன்."

"பரண்ல நிக்கிறவனும் மனுஷன்தானே புள்ள. அவனுக்கும் பொழுது போக வேணாமா?" என்றேன்.

"அப்போ நீங்க போயிக் குளிங்க. நல்லாப் போகும்."

அந்தப் பதிலை நான் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்குக் கூட்டுப் பணம் விழுந்தது. பத்துப் பெண்கள் மாதாமாதம் போட்டு, முறை வைத்து எடுக்கிற பணம். சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளிப் போட்டது. அதை அப்படியே என் கையில் வைத்து, "தகரம்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். பணம் கையில் ஏறியதும் நான் எஞ்சினியர் ஆகிவிட்டேன்.

ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுக்கு ஒருமுறை அலமாரி தூக்கப் போனபோது அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டியைப் பார்த்திருந்தேன். வழவழவென்று, மூலைகள் உருண்டு, அடியில் அடைப்பானோடு. அன்றிலிருந்து அது என் தலைக்குள் இருந்தது. எங்கள் கொல்லையோ சரிவான துண்டு நிலம். மழை பெய்தால் சேறு வழிந்து அடுப்படிவரை வரும். முதலில் கொல்லையை மேடாக்கி மட்டம் செய்து சிமெண்டு போடுவோம், அதன் மேல் தொட்டி, மிச்சக் காசுக்குத் தகரம் என்று திட்டம் போட்டேன். அஸ்திவாரம் இல்லாமல் யாராவது சுவர் எழுப்புவார்களா என்று அவளிடம் கேட்டேன்.

"ஏங்க, கால்ல சேறு பட்டாக் கழுவிக்கலாம். இவனுங்க கண்ணு பட்டா எதால கழுவுறது?"

"தொட்டி வந்த பிறகு பாரு" என்று லுக்குட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மூன்று மூட்டை சிமெண்டு வாங்கி லோரியில் ஏற்றி வேலிக் கேட்டு வரைக்கும் கொண்டுவந்தேன். அங்கே இறக்கச் சொன்னார்கள். காவலுக்கு நின்றவன் ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்து மூட்டைகளில் குத்தினான். "பெராஸ்?" என்றான். அரிசியா என்று கேட்கிறான். சாம்பல் நிறத்தில் கொட்டுகிறதைப் பார்த்துக்கொண்டே கேட்கிறான். பேசாமல் சிமெண்டு என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில், "அரிசிதான் அண்ணே, இதைத் தின்னா காட்டுக்காரன் வயித்துலேயே கல்லாயிடுவான், உங்களுக்குத் தோட்டா மிச்சம்" என்றேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் என்னைக் குந்தவைத்தார்கள். பெரிய அதிகாரி வந்து விசாரிக்கும்வரை குந்தியிருந்தேன். இடையில் நல்ல மழை. என் மேலும் பெய்தது, பொத்தல் விழுந்த மூட்டைகளின் மேலும் பெய்தது. அதிகாரி வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னபோது இரண்டு மூட்டை கெட்டிப்பட ஆரம்பித்திருந்தது. அந்த வகையில் நான் சொன்னது பலித்தது.

கெட்டுப்போன இரண்டுக்கும் பதிலாக மறுபடி வாங்கினேன். தகரத்துக்கு வைத்திருந்த காசு அதில் போய்விட்டது. தரை வந்தது. தொட்டி வந்தது. மூலைகள்கூட உருண்டு வந்தன. நான் தடவித் தடவிப் பார்த்தேன். அவள் பார்க்கவே இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனாள்.

அப்போதுதான் எனக்கு மரவள்ளி ஞாபகம் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசியே கண்ணில் படாதபோது எங்களையெல்லாம் உயிரோடு வைத்தது அதுதான். எங்கள் ஆட்களுக்கு அதன் மேல் சாமிக்கு அடுத்தபடி நம்பிக்கை. குச்சியை ஊன்றினால் போதும், காசில்லை, உரமில்லை. தரையைச் சுற்றி மூன்று வரிசை நெருக்கி ஊன்றினேன். சுவருக்குச் சுவர், கிழங்குக்குக் கிழங்கு. இதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி, "அண்ணே, செங்கல்லும் ஊனி வைங்க, மொளைக்கும்" என்றாள்.

ஆனால் முளைத்தது. சில மாதத்தில் ஆள் உயரம், பிறகு அதற்கும் மேலே. இலை அடர்ந்து, பரணிலிருந்து பார்த்தால் பச்சைக் கூடாரம் மாதிரி இருந்ததாம். என் மனைவி முதல்நாள் உள்ளே போனவள் தொட்டித் தண்ணீர் தீரும்வரை வரவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் சோப்புப் பெட்டியோடு வர ஆரம்பித்தார்கள். எங்கள் கொல்லை அத்தனை பெண்களின் சிரிப்பை அதற்கு முன் கேட்டதில்லை. நான் வாசலில் உட்கார்ந்து, கட்டியவன் நான்தான் என்று போகிற வருகிற ஆண்களிடமெல்லாம் சொன்னேன்.

கிழங்கு வைக்கிற பருவத்தில் ஒரு சாயங்காலம் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் வந்தார். கூடவே பாராங் கத்தியோடு மூன்று போலீஸ்காரர்கள்.

"வேலிக்குள்ள ஆள் ஒசரத்துக்கு எதுவும் நிக்கக் கூடாது. மரவள்ளி, கரும்பு, சோளம், எல்லாத்தையும் வெட்டணும். துரை ஓர்டர் லா" என்றார்.

"இது மரவள்ளி இல்ல மண்டோரே. சுவரு."

அவர் குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். கை நீளத்துக்குக் கிழங்குகள் தொங்கின. "எந்த ஊரு சுவருலய்யா கெழங்கு வைக்கும்? இது எத்தனை நாளைக்குக் காட்டுக்காரனுக்குத் தீனின்னு கேக்குறான் போலீஸ்காரன். நான் என்ன பதில் சொல்ல?"

என் மனைவி அப்போது உள்ளேதான் குளித்துக்கொண்டிருந்தாள். மண்டோருக்குத் தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தங்கச்சி, வெளிய வந்துரும்மா" என்றார். பாதிச் சோப்போடு, ஈரச் சாரோங்கோடு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். நான் போலீஸ்காரர்களிடம் என் வேலையைக் காட்டினேன். இந்தச் செடி கல்யாணமாகாதது, வெட்டினால் பாவம், நாளைக்கு வாங்க, ஒரு காப்பி குடிங்க என்று ஆடிப்பாடாத குறை. அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். கிழங்கைக்கூட விட்டுவைக்கவில்லை, சாக்கில் கட்டி ஆபீசுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

வெட்டி முடிந்ததும்தான் நான் கட்டியது என்னவென்று எனக்கே தெரிந்தது. மேடாக்கி, மட்டம் செய்து, சிமெண்டு பூசிய மேடை. பொதுப் பைப்பைவிட உயரம். பரணுக்கு இன்னும் கிட்டே. மேலே நின்றவன் கை தட்டினான்.

அன்றிலிருந்து அவள் பைப்படிக்கும் போகவில்லை, தொட்டிக்கும் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறை மூலையில் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டாள். காய்ந்த பால் புளித்து அவள் கூந்தலில் நாறியது. கழுத்தில் சொறி வந்தது. என்னோடு பேச்சில்லை. நான் இரண்டு மூன்று வேடிக்கை சொல்லிப் பார்த்தேன். சுவரோடு பேசுவது மாதிரி என்று சொல்வார்கள், எனக்கு அந்த வசதியும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடையிலிருந்து திரும்பி வந்தேன். கொல்லையில் டமடமவென்று சத்தம். என் மனைவி அடுப்படிக் கூரை மேல் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். கீழே பக்கத்து வீட்டுக்காரி ஏணியைப் பிடித்திருந்தாள். நான்கு தகரம் ஏற்கெனவே தரையில் கிடந்தது.

"ஏ புள்ள, அது தோட்டத்துத் தகரம். கிராணி வந்து கேட்டா என்ன சொல்றது?"

அவள் அடுத்த ஆணியைப் பிடுங்கினாள். ஏணியைப் பிடித்திருந்தவள்தான் சொன்னாள். "வந்தா ஒரு குளியல் போடச் சொல்லுண்ணே. நீதான் அவரு வீட்டுத் தொட்டியே கட்டி வச்சிருக்கியே."

இருவருமே குழி தோண்டி, கம்பு நட்டு, தகரத்தை அடித்தார்கள். உதவட்டுமா என்று சுத்தியலோடு போய் நின்றேன். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டு, என்னை விட்டுவிட்டார்கள். முடிந்ததும் அவள் உள்ளே போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. பரணில் இருந்தவன் அன்று காட்டைப் பார்த்தான்.

நான் அடுப்படியில் போய் நின்றேன். அண்ணாந்து பார்த்தால் கடற்கரைப் பக்கமிருந்து மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அடுப்பில் உலையை வைத்தாள்.

"அடுப்புக்கு மேல வானம்தான் இருக்கு புள்ள. மழை வந்தா எப்படிச் சாப்பிடுறது?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நனைஞ்சுக்கிட்டே தின்னுங்க."