அப்பா பாடி வரும் நாட்கள்

கொழும்பில் இன்று கருவாட்டுப் பொதி ஒன்றைப் பிரித்ததும், தோட்டவெளிக் கரையில் எங்களுக்கு இருந்த மீன்வாடி நினைவுக்கு வந்தது. பனையோலைக் கூரை, உப்பில் விறைத்த சாக்குகள், பாயில் விரித்துக் காயும் கட்டா மீன், அதைச் சுற்றும் காகங்கள். அது நின்ற நிலத்தைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது.

காலையில் அப்பா அங்கேதான் மீன் விற்பார். வெறும் வள்ளத்தோடு கரைக்கு வந்தவர், வலை கிழிந்தவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றவர், யார் வந்து நின்றாலும் மடியிலிருந்த காசை எடுத்துக் கொடுத்துவிட்டு, கோயில் பாட்டொன்றைச் சுருதி பிசகிப் பாடிக்கொண்டு மணலில் நடந்து வருவார். ஒருவரும் கேட்காத நாளில் மடி நிறைந்திருக்கும், வாய் மூடியிருக்கும், குழம்பில் புளி கூடிவிட்டது என்பார். அதனால் பாட்டு வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்குள் கேட்டதுமே அம்மா அக்காவிடம், "பாடிக்கொண்டு வாறார், அரிசியைக் குறைச்சுப் போடு" என்பா.

வாடி போனபின் அப்பா தொழிலை விட்டார். நான் மாதாமாதம் அனுப்பிய காசு வங்கியில் கிடந்தது. அவர் கதிரையில் பேசாமல் இருந்தார். போன மாதம் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் அந்தப் பிசகிய பாட்டுக் கேட்டது.

"பாங்குக்குப் போயிட்டு வாறார், வழியிலை ஆரையோ கண்டிருக்கிறார்" என்றா அம்மா. பிறகு, "அடுத்த மாசம் கொஞ்சம் கூட்டி அனுப்பு மோனை" என்றா.